சூடுதான் கொல்கிறது என்றால் கழிவுநீரைப் பற்றி ஏன் பேச வேண்டும்? (பவளமும் அதன் பாசியும்)

நீலத்தடம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பவள வெளிறல் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

2023இல் தொடங்கிய நான்காவது உலகளாவிய வெளிறலில், உலகப் பவளப்பாறைப் பரப்பில் சுமார் 84 விழுக்காடு, வெளிற வைக்கும் அளவு சூட்டைக் கண்டுவிட்டது என்று 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். 1998, 2010, 2014–17 என முந்தைய மூன்றும் சூட்டோடு வந்தவைதான். ஆக, காரணம் கடல் சூடாவது. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் இரண்டாவது பத்தியிலேயே "வெப்பமும் மாசும்" என்று சேர்த்து எழுதிவிடுகிறார்கள். சாக்கடை நீர், வயல் உரம், களைக்கொல்லி, சன்ஸ்கிரீன் எல்லாம் வரிசையாக வந்துவிடும். இவை கெடுதல் என்பது சரி. வெளிறலோடு இவற்றுக்கு நிஜமாகவே தொடர்பு உண்டா, இல்லை பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறார்களா? வெளிறல் என்றால் பவளத்துக்குள் இருக்கும் பாசி போய்விடுவது. சாக்கடைக்கும் அந்தப் பாசிக்கும் என்ன வழக்கு? செல் அளவில் விளக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

திசுவியல்

தொடர்பு உண்டு. அதைச் சொல்ல, பாசி எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பதிலிருந்து வர வேண்டும். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாசி பவளத்தின் மேல் படிந்திருப்பதில்லை. பாலிப்பின் (பவளக் கூட்டத்தின் ஒவ்வொரு சிறு விலங்கும் ஒரு பாலிப்) உட்பக்கத் திசுவில், விலங்குச் செல்லுக்குள்ளேயே, ஒரு தனிச் சவ்வுப் பைக்குள் அடைபட்டிருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் பவளத்தில் பத்து லட்சமோ அதற்கு மேலோ இருக்கும். டைனோஃபிளாஜெல்லேட் வகையைச் சேர்ந்த ஒருசெல் உயிரி அது. ஒளிச்சேர்க்கையில் செய்யும் சர்க்கரையில் பெரும்பகுதியை வெளியே விடுகிறது. பல பவளங்களுக்கு அன்றாட ஆற்றலில் 90 விழுக்காடு வரை இதிலிருந்துதான் வருகிறது. பதிலுக்குப் பவளம் கரியமில வாயுவையும் தன் கழிவான அமோனியத்தையும் கொஞ்சம் பாஸ்பேட்டையும் கொடுக்கிறது.

பலர் கவனிக்காத இடம் ஒன்று இங்கே உண்டு. பாசி ஏன் தான் செய்த சர்க்கரையை வெளியே விடுகிறது? தாராள குணம் அல்ல. அதனிடம் கார்பன் ஏராளம், நைட்ரஜன் பற்றாக்குறை. நைட்ரஜன் இல்லாமல் புரதம் இல்லை, புரதம் இல்லாமல் செல் பிரிய முடியாது. செலவழிக்க வழியில்லாத சர்க்கரை வெளியே வருகிறது. பவளமும் அமோனியத்தைத் தானே எடுத்துப் பயன்படுத்தி, பாசிக்குப் போகும் அளவைக் குறைத்தே வைக்கிறது. இந்தக் கூட்டு வாழ்வே பாசியை அரைப் பட்டினியில் வைத்திருப்பதால்தான் ஓடுகிறது.

இனி சூடு. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடி, சில வாரம் நீடித்தால் போதும். பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரத்தில் டி1 என்றொரு புரதம் இருக்கிறது. வெயிலில் அது ஓயாமல் பழுதாகும், செல் ஓயாமல் மாற்றிக்கொண்டிருக்கும். சூட்டில் இந்தப் பழுதுபார்ப்பு பின்தங்குகிறது. கார்பனைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியும் தடுமாறுகிறது. ஒளி மட்டும் குறையாமல் வந்துகொண்டே இருக்கிறது. போக்கிடமில்லாத எலக்ட்ரான்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகின்றன. பெராக்சைடு சவ்வைத் தாண்டிப் பவளத்தின் செல்லுக்குள்ளும் கசியும். அதன் பிறகு பவளம் பாசியை வெளித்தள்ளும், அல்லது உள்ளேயே செரித்துவிடும், அல்லது பாசி இருந்த செல்லே செத்து உதிரும்.

இந்த விளக்கம் பழையது, சரியானதும்கூட. ஆனால் முழுக்கதை இல்லை. 2021இல் ராடெக்கர் குழு ஸ்டைலோஃபோரா பவளத்தில் காட்டியது வேறு கோணம். சூட்டில் பவளத்தின் ஆற்றல் தேவை ஏறுகிறது. அது தன் அமினோ அமிலங்களை எரிக்கத் தொடங்குகிறது. எரித்தால் அமோனியம் மிஞ்சும். அந்த அமோனியம் பாசிக்குப் போகிறது. பட்டினி தீர்ந்த பாசி தன் வளர்ச்சிக்குச் சர்க்கரையை வைத்துக்கொள்கிறது. பவளம் இன்னும் பசிக்கிறது, இன்னும் அமினோ அமிலத்தை எரிக்கிறது. ஒழுங்காக வாடகை கொடுத்துவந்த குடித்தனக்காரர் வாடகையை நிறுத்திவிட்டு வீட்டில் ஆள் சேர்ப்பது போல. நிறம் மாறுவதற்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது.

இப்போது உங்கள் சாக்கடை நீரை இதில் ஊற்றிப் பாருங்கள். அது கொண்டுவருவது நைட்ரஜன். சூடு உள்ளிருந்து செய்வதை மாசு வெளியிலிருந்து செய்கிறது.

---

உப்புத்தொட்டி

திசுவியல் சார், அருமை. ஆனா எனக்கு ஒரு இடம் இடிக்குது. நான் வீட்டில் கடல்நீர் டேங்க் வைத்திருப்பவன், ஆராய்ச்சியாளன் இல்லை. எங்கள் வட்டாரத்தில் பல வருஷமாக ஓடிய நம்பிக்கை: "தண்ணீர் எவ்வளவு சத்தில்லாமல் இருக்கோ அவ்வளவு பவளத்துக்கு நல்லது." பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புக் குருணை போட்டு பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து விடுவோம். அப்படிச் செய்த டேங்குகளில் அக்ரோபோரா வகைப் பவளம் வெளிறிப்போறதை நிறையப் பேர் பார்த்திருக்காங்க, நானும் பார்த்திருக்கேன். வெப்பநிலை ஹீட்டர், சில்லர் வைத்துக் கட்டுப்படுத்தினது, அரை டிகிரி நகரலை. நைட்ரேட் மட்டும் கிடந்தது. சத்துதான் வில்லன் என்றால் சத்தை எடுத்தபோது ஏன் வெளிறுது?

---

திசுவியல்

உங்கள் டேங்கில் நடந்தது இந்தத் துறையில் பெரிதாகப் பேசப்பட்ட ஒரு சோதனையின் வீட்டுப் பதிப்பு. 2013இல் வீடன்மான் குழு இதைத்தான் வெளியிட்டது. நைட்ரேட் ஏராளம், பாஸ்பேட் இல்லை என்ற நிலையில் வளர்த்த பவளங்கள், ஒளியும் வெப்பமும் கூடியபோது மற்றவற்றைவிட எளிதில் வெளிறின.

காரணம் இதுதான். நைட்ரஜன் கிடைத்ததும் பாசி பெருகத் தொடங்குகிறது. பெருகப் பெருக பாஸ்பரஸ் தேவை ஏறுகிறது. அது கிடைக்காவிட்டால், சவ்வில் பாஸ்பரஸ் கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் கந்தகக் கொழுப்பை வைத்துச் சமாளிக்கிறது. ஒளிச்சேர்க்கை நடக்கும் சவ்வு அப்படித் தரம் குறைந்து நிற்கும்போது கொஞ்சம் கூடுதல் வெளிச்சம், கொஞ்சம் கூடுதல் சூடு போதும்.

ஆகவே "சத்து கூடினால் கெடுதல்" என்பது பாதி உண்மை. எந்த நைட்ரஜன், பாஸ்பரஸோடு எந்த விகிதத்தில் என்பதுதான் கேள்வி. மீன்களின் கழிவு பவளத்துக்கு நல்லதாகவே தெரிகிறது, ஏனென்றால் அதில் அமோனியமும் பாஸ்பரஸும் சேர்ந்தே வருகின்றன. வயல் உரத்திலிருந்து வருவதில் பெரும்பாலும் நைட்ரேட் மேலோங்கி நிற்கும். நைட்ரேட்டைப் பயன்படுத்த முதலில் அதை அமோனியமாக மாற்ற வேண்டும், அதற்கே எலக்ட்ரான் செலவு. பிரெஞ்சு பாலினேசியாவின் மூரியா தீவில் பர்க்கபைல் குழு பவளங்களுக்கு நைட்ரேட்டையும் யூரியாவையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தது. நைட்ரேட் பெற்றவை கூடுதல் நாள் வெளிறிக் கிடந்தன, கூடுதலாகச் செத்தன.

---

எதிர்க்காற்று

எல்லாம் சரி. ஆய்வகத்திலும் கண்ணாடித் தொட்டியிலும் இது நடக்கும். கடலில் என்ன நடந்தது என்று பார்ப்போமா?

2016. ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃப். 2,300 கிலோமீட்டர் நீளம். இதில் மிக மோசமாக வெளிறியது எந்தப் பகுதி? வயல் உரம் வந்து விழும் தென்பகுதியா? இல்லை. வட மூன்றில் ஒரு பங்கு. மனித நடமாட்டம் மிகக் குறைவு, தண்ணீர் மிகத் தெளிவு. டெர்ரி ஹியூஸ் குழு 2017இல் நேச்சர் இதழில் வானிலிருந்தும் நீருக்கடியிலும் எடுத்த கணக்கோடு எழுதியது. நீரின் தரமும் மீன்பிடித் தடையும் வெளிறலின் கடுமையில் ஏறக்குறைய எந்த வேறுபாட்டையும் தரவில்லை. எங்கே எவ்வளவு சூடு தேங்கியதோ அங்கே அவ்வளவு வெளிறல். அவ்வளவுதான் கணக்கு.

எனக்கு இந்த "மாசும் சேர்ந்து" பேச்சில் எரிச்சல் வருவது இதனால்தான். கரி எரிப்பவர்களுக்கு இது வசதியான பேச்சு. "நீங்கள் சாக்கடையைச் சுத்தம் செய்யுங்கள், பவளம் தாங்கிக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். தாங்காது. வெப்பமயமாதல் 1.5 டிகிரியில் நின்றாலே 70 முதல் 90 விழுக்காடு பவளப்பாறை போகும் என்று ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) 2018இல் எழுதிவிட்டது. 2 டிகிரி என்றால் 99க்கும் மேல்.

---

வயல்வேதி

எதிர்க்காற்று அவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் உரத்தை மட்டும் பேசி களைக்கொல்லியை விட்டுவிட்டோம். நான் வேளாண் வேதிப்பொருள் பக்கத்திலிருந்து வருபவள் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

டையூரான் என்றொரு களைக்கொல்லி. கரும்பு வயல்களில் நிறையப் பயன்பட்டது, ஆஸ்திரேலியாவில் 2012இல் அதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. அது களையை எப்படிக் கொல்கிறது தெரியுமா? மேலே திசுவியல் சொன்ன அதே டி1 புரதத்தில், எலக்ட்ரானை வாங்கிப் போக வேண்டிய மூலக்கூறு உட்காரும் இடத்தில் போய் இது உட்கார்ந்துகொள்ளும். எலக்ட்ரான் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். களையின் இலையில் வேலை செய்யும் அதே பூட்டு, மழைநீரோடு கடலுக்குப் போனால் பவளத்துக்குள் இருக்கும் பாசியிலும் வேலை செய்கிறது. ஒளிச்சேர்க்கை செய்யும் எதுவானாலும் அதற்கு ஒன்றுதான். கப்பல் அடிப்பாகத்தில் பாசி பிடிக்காமல் பூசும் சாயங்களில் இருந்த இர்கரால் என்பதும் இதே வழிதான்.

சூடு டி1 புரதத்தின் பழுதுபார்ப்பைக் கெடுக்கிறது, டையூரான் அதே டி1இன் வாயை அடைக்கிறது. இரண்டு தொல்லைகள் ஒரே திருகாணியில் வந்து விழுகின்றன. நெக்ரி குழு 2011இல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, களைக்கொல்லி இருக்கும் நீரில் பாசி வெப்பத்துக்குக் கூடுதலாகப் பாதிக்கப்பட்டது.

---

எதிர்க்காற்று

செறிவு? ஆய்வகச் செறிவா, ஆற்று முகத்துவாரச் செறிவா?

---

வயல்வேதி

ஒரு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவிலேயே பாசியின் ஒளிச்சேர்க்கைத் திறன் இறங்குவதை அளக்க முடிகிறது. மழைக்கால வெள்ளத்தில் கரையோர நீரில் எட்டக்கூடிய அளவுதான் அது. கரையிலிருந்து தள்ளியிருக்கும் வெளிப்பாறைகளில் எட்டாது. அங்கே உங்கள் வாதம் நிற்கும்.

நல்ல செய்தி ஒன்று: டையூரான் விலகினால் ஒளிச்சேர்க்கை விரைவில் மீள்கிறது. சிக்கல் என்னவென்றால், மழைக்காலமும் கோடையின் உச்ச வெப்பமும் ஆஸ்திரேலியாவின் அந்தக் கரையில் ஒரே மாதங்களில் வருகின்றன.

---

பகல்மீன்

இடையில் ஒரு சின்னக் கேள்வி. சன்ஸ்கிரீன் கதை உண்மையா? ஹவாய் தடை செய்ததாகப் படித்தேன்.

---

வயல்வேதி

ஹவாயில் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனைக்கான தடை 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, பலாவ் அதற்கு ஓராண்டு முந்திக்கொண்டது. உலகளாவிய வெளிறலுக்கு சன்ஸ்கிரீன் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆட்கள் குவியும் கடற்கரைக்கு அப்பால் அதன் அளவு மிகச் சொற்பம்.

ஆனால் வேதியியலாக இதில் ரசிக்கத்தக்க ஒன்று உண்டு. 2022இல் சயன்ஸ் இதழில் வந்தது. பவளத்தின் உறவான கடல் சாமந்தி ஆக்சிபென்சோனை உடலுக்குள் சர்க்கரையோடு ஒட்டிவிடுகிறது, நாம் மருந்தைக் கழிக்க நம் உடல் செய்வது போன்ற வேலைதான். ஒட்டிய பிறகு அந்தப் பொருள் வெயிலில் நஞ்சாகிறது. பாசி இருந்தால் அந்த நஞ்சை அது தன்னுள் பிடித்து வைத்துக்கொள்கிறது, விலங்குக்கு அடி குறைகிறது. வெளிறிய உயிருக்கு அந்தக் கவசமும் இல்லை. அதாவது சூட்டில் பாசியை இழந்தபின் மாசு இன்னும் ஆழமாகக் குத்தும்.

---

சேற்றுநீர்

நான் வேறு மாதிரி ஒன்று சொல்லட்டுமா? கலங்கல் நீர் பவளத்துக்கு நிழல் தரும். வெளிச்சம் குறைந்தால் வெளிறல் குறையும் என்று திசுவியலே மறைமுகமாகச் சொல்லிவிட்டார். 1998இல் பிரெஞ்சு பாலினேசியாவின் சொசைட்டி தீவுகளில் கடல் சூடு ஏறியும் மேகமூட்டத்தால் வெளிறல் குறைவாகவே இருந்தது. அப்படியென்றால் வண்டல் வந்து கலங்குவது ஒரு வகையில் பாதுகாப்புதானே?

---

திசுவியல்

மேகம் நிழல் மட்டும் தரும். ஆற்று வண்டல் நிழலோடு நைட்ரேட்டையும் களைக்கொல்லியையும் கொண்டுவரும், பாலிப்பின் மேல் படிந்து மூச்சையும் முட்டும், அதைத் துடைத்தெடுக்கப் பவளம் சளி சுரந்தே ஆற்றலைக் கரைக்கும். தலைமுறைகளாகக் கலங்கல் நீரில் வாழ்ந்து பழகிய பவளக் கூட்டங்கள் சில சூட்டில் நன்றாகத் தாக்குப்பிடிப்பது உண்மை. தெளிந்த நீரில் வளர்ந்த பவளத்தின் மேல் புதிதாகச் சேற்றைக் கொட்டினால் அதே பலன் வராது. இன்னொன்று: ஆழமில்லாத கலங்கல் நீர் தெளிந்த நீரைவிட வேகமாகச் சூடேறும். 2023 ஜூலையில் புளோரிடாவின் மனாட்டி விரிகுடாவில் 38.4 டிகிரி பதிவானது இப்படிப்பட்ட இடத்தில்தான். அங்கே பவளம் கிடையாது.

---

நீலத்தடம்

எதிர்க்காற்று சொன்ன 2016ஐத்தான் நான் இன்னும் தாண்ட முடியாமல் நிற்கிறேன். செல் அளவில் மாசு பாசியைத் தளர்த்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவ்வளவு பெரிய இயற்கைச் சோதனையில் அது ஏன் கண்ணுக்குப் படவில்லை?

---

அலைவரிசை

இதற்கு நேரடி விடை மூரியாவிலிருந்தே கிடைக்கிறது. டோனவன் குழு, 2020. தீவைச் சுற்றி நிறைய இடங்களில் நைட்ரஜன் மாசையும் சூட்டையும் வெளிறலையும் சேர்த்து அளந்தார்கள். சூடு குறைவாக இருந்த இடங்களில் நைட்ரஜன் கூடியபோது வெளிறலின் கடுமை ஏறத்தாழ இரட்டித்தது. சூடு மிக அதிகமாக இருந்த இடங்களில் நைட்ரஜனின் பங்கு மங்கிவிட்டது. ஆக இரண்டு தரப்பும் ஒரே வளைகோட்டின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறோம். 2016இன் வட கிரேட் பாரியர் ரீஃப் அந்தக் கோட்டின் சூடான முனை.

கடலிலேயே செய்த சோதனை வேண்டுமென்றால் புளோரிடா கீஸ். வேகா தர்பர் குழு மூன்று ஆண்டுகள் பவளப்பாறைத் திட்டுகளுக்கு நைட்ரஜன், பாஸ்பரஸ் உரம் கொடுத்தது. வெளிறல் மூன்றரை மடங்கு கூடியது, நோயும் கூடியது. உரத்தை நிறுத்தி 10 மாதம் கழித்துப் பார்த்தால், உரம் போட்ட திட்டுக்கும் போடாத திட்டுக்கும் வேறுபாடு இல்லை. எனக்கு இதில் பிடித்தது கடைசிப் பாதி.

அடுத்து கிரிட்டிமாத்தி தீவு, கிரிபாத்தி நாடு. 2015–16 எல் நினோவில் 10 மாதம் தொடர்ந்து வெந்நீர். தீவின் ஒரு பக்கம் ஊர்கள், மறுபக்கம் கிட்டத்தட்ட ஆள் இல்லை. கிளார், பாம் குழுவினர் அடையாளமிட்ட அதே பவளங்களை மீண்டும் மீண்டும் பார்த்தார்கள். சில பவளங்கள் வெளிறி, சூடு இறங்கும் முன்பே, வெந்நீருக்குள்ளேயே நிறம் திரும்பின! சூடு தாங்கும் டுருஸ்டினியம் பாசி அவற்றில் பெருகியிருந்தது. இந்த மீட்சி மனிதத் தொல்லை கடுமையாக இல்லாத பக்கத்தில் மட்டும்தான் நடந்தது.

---

உப்புத்தொட்டி

அப்போ எல்லாப் பவளத்துக்கும் அந்த டுருஸ்டினியத்தையே ஏத்திவிட வேண்டியதுதானே? ஏன் கடலே அதைச் செய்யலை?

---

திசுவியல்

விலை இருக்கிறது. அக்ரோபோரா மில்லெபோரா பவளத்தில் கிளாடோகோப்பியம் என்ற பாசி வகைக்குப் பதில் டுருஸ்டினியம் வந்தால் சுமார் 1 முதல் 1.5 டிகிரி தாங்குதிறன் கூடுவதாக பெர்க்கெல்மான்ஸும் வான் ஓப்பனும் 2006இல் காட்டினார்கள். ஆனால் அது பவளத்துக்குக் கொடுக்கும் சர்க்கரை குறைவு. இளம் பவளங்களில் ஒப்பிட்டபோது கிளாடோகோப்பியம் உள்ளவை இரண்டு, மூன்று மடங்கு வேகமாக வளர்ந்தன. மெதுவாக வளரும் பவளம் இடத்துக்காகக் கடற்பாசியோடு போட்டியிட வேண்டும், உரம் கலந்த நீரில் கடற்பாசிக்கு ஏற்கெனவே கொண்டாட்டம். மாசு அங்கேயும் வந்து நிற்கிறது பாருங்கள்.

சூடு தாங்கும் கூட்டு இருந்தாலும் மாசு அதைக் கரைக்கும் என்பதற்குச் செங்கடலே சான்று. அகபா வளைகுடாவின் ஸ்டைலோஃபோரா உலகிலேயே சூட்டுக்கு அசராத பவளங்களில் ஒன்று. நீரில் செம்பு கூடியதும் அதன் வெப்பத் தாங்குதிறன் இறங்கியதை 2019இல் காட்டினார்கள்.

---

எதிர்க்காற்று

மூரியா கணக்கை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த "குறைந்த சூடு" முனை ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. தேங்கிய சூட்டை டிகிரி-வாரத்தில் அளக்கிறோம், அதாவது வழக்கமான உச்சத்தைவிட எத்தனை டிகிரி கூடுதல், எத்தனை வாரம் என்ற கணக்கு. 4 வந்தால் வெளிறல், 8 வந்தால் சாவு என்று இரண்டே எச்சரிக்கை நிலைகள் வைத்திருந்தது அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவா. 2023இன் சூட்டைப் பார்த்த பிறகு அளவுகோலை நீட்டி ஐந்தாம் நிலை வரை கொண்டுபோனார்கள், அது 20 டிகிரி-வாரத்தில் தொடங்குகிறது. 20இல் நிற்கும் பவளத்திடம் நைட்ரேட் விகிதம் பேசிப் பயனில்லை. கிரேட் பாரியர் ரீஃபில் பெரிய வெளிறல் வந்த ஆண்டுகள் 2016, 2017, 2020, 2022, 2024, 2025. இடைவெளியைப் பாருங்கள்.

---

அலைவரிசை

அந்த இடைவெளிதான் என் வாதமும். 20ஐத் தொடாத ஆண்டுகளும், தொடாத பாறைகளும் இன்னும் இருக்கின்றன. அடுத்த சூடு இரண்டு ஆண்டில் வரும் என்றால், அதற்குள் பாசியைத் திரும்பப் பெற்று, கொழுப்பைச் சேர்த்து, முட்டையிடும் நிலைக்கு வரும் பவளம் எது என்பதை நீரின் தரம் தீர்மானிக்கிறது. ஹவாயில் 2015 வெப்ப அலைக்கு முன்னும் பின்னும் பார்த்து 2023இல் நேச்சர் இதழில் வந்ததும் இதையே சொல்கிறது: நிலத்து மாசும் குறைவு, பாசி மேயும் மீனும் அதிகம் என்று இரண்டும் சேர்ந்திருந்த பாறைகள் மேலாகத் தப்பின. கரி எரிப்பைக் குறைப்பதற்கு மாற்றாக யாரும் இங்கே இதைச் சொல்லவில்லை.

---

நீலத்தடம்

நன்றி எல்லோருக்கும். இப்போது நடைமுறைக் கேள்வி. நாங்கள் சில முக்குளிப்பவர்கள் சேர்ந்து ஒரு பாறையைத் தொடர்ந்து கவனிக்கப் போகிறோம். நீர் மாதிரி எடுத்து நைட்ரேட் மட்டும் பார்த்தால் போதுமா?

---

திசுவியல்

போதாது. நைட்ரேட், அமோனியம், பாஸ்பேட் மூன்றும் தனித்தனியாக வேண்டும், விகிதம் போட. அதிலும் ஒரு பொறி இருக்கிறது: உயிர்கள் சத்தை உடனே உறிஞ்சிவிடுவதால் மாசுபட்ட இடத்திலும் நீர் மாதிரி சுத்தமாகத் தெரியலாம். மூரியாவில் அதனால்தான் டர்பினாரியா என்னும் பழுப்புக் கடற்பாசியின் திசுவில் நைட்ரஜன் எவ்வளவு என்று அளந்தார்கள். பல வாரங்களில் அந்த இடத்துக்கு வந்த நைட்ரஜன் அதில் பதிவாகியிருக்கும். ஒரே வகைக் கடற்பாசியை, ஒரே ஆழத்தில், கோடைக்கு முன்பே சேகரியுங்கள். சேகரிக்க அனுமதி தேவையா என்றும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

---

எதிர்க்காற்று

கூடவே ஒரு வெப்பப் பதிவுக் கருவியையும் பவளம் இருக்கும் அதே ஆழத்தில் கட்டிவிடுங்கள். செயற்கைக்கோள் கணக்கு 5 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு எண்தான் தரும், அதுவும் மேற்பரப்புக்கு. சூட்டை ஒழுங்காக அளக்காமல் நைட்ரஜன் வேறுபாட்டைக் காட்டினால் முதல் ஆளாக நான்தான் வந்து கேட்பேன்.